தீட்டா 2 டாரி: துடிப்பைக் காணோம், ஒளி இறங்கிக்கொண்டே போகிறது

கேட்டவர்:
ரிஷப ராசியின் ஹையடீஸ் விண்மீன் கொத்தில், ரோகிணிக்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும் ஜோடி இருக்கிறதே, அதில் வெள்ளையாக, கொஞ்சம் பிரகாசமாக இருப்பது தீட்டா 2. டெல்டா ஸ்கூட்டி வகை, அதாவது துடித்துத் துடித்து ஒளி மாறும் விண்மீன், சுமார் 1.8 மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கும் என்று படித்துவிட்டு டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒப்பிட்டது கூடவே நிற்கும் தீட்டா 1 உடன். ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) ஏறி இறங்கும் என்று பார்த்தால், சறுக்குமரம் மாதிரி 0.08 மாக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அளவு) இறங்கியதுதான் மிச்சம், புள்ளிகளும் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. கேமரா கோளாறா?

பதில் 1:
ரிஷபம் மேற்கே சாய்ந்துகொண்டிருந்ததா? கேமரா பதியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வண்ணங்களையும் கூட்டினீர்களா?

கேட்டவர்:
இரண்டுக்கும் ஆமாம். கடைசியில் அடிவானத்துக்கு மேல் 20 டிகிரிதான்.

பதில் 1:
அப்போ கேமராவைத் திட்டாதீர்கள். தீட்டா 1 ஆரஞ்சு நிறப் பெருவிண்மீன். கீழே போகப் போக காற்று நீல ஒளியைத்தான் அதிகம் தின்னும், அதனால் அடி வெள்ளை விண்மீனுக்கு. பச்சை சேனலை மட்டும் எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அதே கொத்தில் இருக்கும் காமா, டெல்டா 1, எப்சிலான் மூன்றும்கூட ஆரஞ்சுதான், ஒப்பிட உதவாது. வெள்ளையாக வேண்டுமே என்று உப்சிலான், ரோ பக்கம் போனால் இன்னும் வம்பு, அவையே துடிப்பவை. வேறு வெள்ளை விண்மீன்கள் இரண்டை எடுத்து, முதலில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கோடு தட்டையாக வருகிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
ஃபோகஸை எவ்வளவு விலக்கினீர்கள்? 3.4 மாக்னிட்யூடில் பிக்சல் சட்டென்று நிரம்பிவிடும் என்பதால் விலக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த ஜோடிக்கு இடைவெளி சுமார் 5.6 ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்நிமிடம்), உங்கள் லென்ஸில் 20 பிக்சல் வந்தால் அதிகம், ரொம்ப விலக்கினால் இரண்டும் கலந்துவிடும். சிதறலுக்குக் காரணம் விண்மீன் சிமிட்டல், இருபது முப்பது படங்களைச் சேர்த்து சராசரி எடுங்கள்.

கேட்டவர்:
பச்சையில் சரிவு பாதிக்கு மேல் போய்விட்டது, நன்றி. ஆனால் விண்மீனின் ஒளியைக் கூட்டிக் கணக்கிட நான் போட்ட அளவு வட்டத்தின் ஆரம் 12 பிக்சல்! இத்தனை நேரம் பக்கத்து வீட்டு தீட்டா 1 வெளிச்சத்தையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். அந்தப் படங்கள் குப்பைக்குத்தான்.

பதில் 1:
அடுத்த முறை உச்சிக்கு வரும் முன்பே தொடங்குங்கள். இன்னொன்று, இதில் ஒரே துடிப்பு கிடையாது, பத்துக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, தனித்தனியாக எதுவும் 0.01 மாக்னிட்யூடைத் தொடாது. ஓர் இரவு வளைவு தட்டையாக வந்தால் பதறி லென்ஸை மாற்றிவிடாதீர்கள்.