கலைச்சொல்: வில்வேட்டையில் வரும் 'கிரவுண்ட் பிளைண்ட்' – பரணா, குடிலா?

பாலக்கோட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க வில்வேட்டைக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் 'கிரவுண்ட் பிளைண்ட்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வெள்ளைவால் மானுக்காக வீட்டிலேயே செய்துகொள்ளும் அமைப்பு அது. தரையில் நிற்கும், நாலு பக்கமும் துணி, மேலே கூரை, உள்ளே முக்காலி, அம்பு போக ஒரு திறப்பு. 'மறைவிடம்' என்று போட்டால் பாறை இடுக்கும் புதரும்கூட அதில் அடங்கிவிடுகின்றன. கட்டிய பொருள் என்பது விளங்கவில்லை. 'பரண்' சரிவருமா?

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

பரண் வேண்டாம் ஐயா. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கக் கட்டுவதுதான் பரண். உயரம் இல்லாமல் பரண் இல்லை. அந்தச் சொல்லை மரத்தில் ஏறி உட்காரும் அமைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் கையேட்டில் கட்டாயம் வரும்.

தரையில் இருப்பதால்தான் இதன் சிக்கல்கள் எல்லாம். பரணில் இருப்பவரின் வாடை பெரும்பாலும் விலங்கின் தலைக்கு மேலே போய்விடும். தரையில் இருப்பவரின் வாடை நேரே மூக்குக்குப் போகும். அதனால் விலங்கு வரும் தடத்திலிருந்து காற்று நம்மை நோக்கி வீசும் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். தூரம் 15 முதல் 20 மீட்டர். அதற்கு அருகில் போனால் வில்லை இழுக்கும் அசைவே காட்டிக்கொடுத்துவிடும்.

அரூரிலிருந்து:

பழைய சொல் ஒன்று இருக்கிறது: பயம்பு. நீர் குடிக்க வரும் பன்றியை எதிர்பார்த்து, வேட்டுவர் குழி தோண்டி அதற்குள் ஒளிந்து நள்ளிரவில் காத்திருப்பதைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அந்தக் குழிதான் பயம்பு. வேட்டையும் உண்டு, தரையும் உண்டு, ஒளிதலும் உண்டு. இத்தனை பொருத்தமான சொல்லை விட்டுவிடுவது எனக்கு மனமில்லை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

அருமையான சொல். ஆனால் பயம்பு பள்ளம்தானே ஐயா. யானை பிடிக்கும் குழிக்கும் அதே பெயர் உண்டு. கையேட்டில் 'பிட் பிளைண்ட்' என்று தனியாக ஒன்று வரும். பாதி உடம்பு பள்ளத்தில், மேலே தழை. அதற்குப் பயம்பை வைத்தால் சொல் தன் இடத்திலேயே நிற்கும்.

துணிக்கூடுக்குப் 'பதுங்குகுடில்' என்பது என் பரிந்துரை. பதுங்குகுழி செய்தித்தாள் வழியாக எல்லோருக்கும் பழகிய சொல், அதனால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. 'மறைகுடில்' என்றால் வேதம் ஓதும் குடிலோ என்று தோன்றும். 'ஒளிகுடில்' வெளிச்சத்தைச் சொல்லும். 'குச்சு' அளவில் பொருந்தினாலும் நம் பக்கம் அது பெண் பிள்ளை வயதுக்கு வரும்போது பச்சை ஓலையில் கட்டுவது. அதைத் தொட வேண்டாம். கூரையில்லாமல் முன்பக்கம் மட்டும் மறைப்பது குடில் ஆகாது, அது 'மறைதட்டி'.

ஓசூரிலிருந்து:

பதுங்குகுடிலுக்கு என் ஆதரவு. உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். செய்முறையோடு சேர்த்தே சொல்கிறேன்.

சட்டகத்துக்கு ஒரு இஞ்ச் பிவிசி குழாய், 20 அடி நீளத்தில் நாலு. தரை 5 அடிக்கு 5 அடி, உயரம் ஐந்தரை அடி. இரண்டு குழாயை ஐந்தைந்து அடியாக வெட்டினால் கீழும் மேலும் எட்டுத் துண்டு ஆயிற்று. மற்ற இரண்டில் ஐந்தரை அடிக் கால் நாலும், முன்பக்கக் குறுக்குக்கு 5 அடித் துண்டு இரண்டும் எடுக்கலாம். மூன்று பக்கம் திரும்பும் மூலை இணைப்பு கடையில் கேட்டதும் கிடைக்காது. எல்போ என்னும் வளைவு இணைப்பையும் டீ என்னும் 'T' வடிவ இணைப்பையும் அடுத்தடுத்துப் போட்டுச் சமாளிக்கலாம். பசை போட்டு ஒட்டாவிட்டால் இணைப்பு கிறீச்சிடும், கழற்றி எடுத்துப்போக வேண்டுமென்றால் ஒட்டவும் முடியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே ஒரு திருகு போட்டால் இரண்டும் தீரும். முக்கால் இஞ்ச் குழாய் நம் சித்திரை வெயிலில் தொய்ந்துவிடும்.

மேல்துணிக்கு ரோஜாத் தோட்டத்துப் பச்சை நிழல்வலை மலிவு. ஆனால் வலை மட்டும் போதாது. பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் உள்ளே இருப்பவரின் உருவம் கருப்பாக எழுதியதுபோல் தெரியும். உள்பக்கம் முழுக்கக் கருப்புப் பருத்தித் துணி கட்ட வேண்டும், உட்காருபவரும் கருப்பே உடுத்த வேண்டும், பின்பக்கத் திறப்பு எப்போதும் மூடியிருக்க வேண்டும். பச்சை உடுப்பு வெளியில் நிற்பவருக்குத்தான். சுவரும் கூரையும் சேர்ந்து 135 சதுர அடி. மடிப்புக்கும் சேர்த்து 150 வாங்குங்கள். மேலே மூங்கில் சிம்பு ஒன்றை வளைத்துக் கட்டாவிட்டால் மழைநீர் தேங்கித் துணி தொங்கும்.

அம்பு போகும் திறப்பைச் 'சன்னல்' என்பதில் எனக்கு நிறைவில்லை. கோட்டை மதிலில் அம்பு எய்யும் துளைக்கு 'ஏப்புழை' என்ற சொல் உண்டு. ஏ என்பது அம்பு, புழை என்பது துளை. அதையே வைக்கலாம்.

ஏப்புழையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி, மேல்விளிம்பு நாலடி. குறுக்குக் குழாய் இரண்டும் அங்கேதான். ஒன்றரை அடி முக்காலியில் இருப்பவருக்கு இது சரி. அதிகம் தவறு நேரும் இடமும் இதுதான். கண் பார்க்கும் கோடு அம்புக்குச் சில இஞ்ச் மேலே ஓடுகிறது. விலங்கு தெளிவாகத் தெரியும்; அம்போ விளிம்பில் அடித்துத் தெறிக்கும். உட்கார்ந்து, முழுக்க இழுத்து, அம்பின் நேரே இன்னொருவரை விளிம்பைப் பார்க்கச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:

ஏப்புழை எடுத்துக்கொண்டேன். திறப்பில் வலை கட்டி அதன் ஊடே எய்வதாகவும் வருகிறதே? சட்டகத்தின் அளவை மாற்றாமல் நெடுவில்லுக்குப் பயன்படுத்தலாமா?

ஓசூரிலிருந்து:

'ஊடெய் வலை' என்று சொல்லலாம். விரியாத முனை உள்ள அம்புக்கு மட்டும் அது. பட்டதும் அலகு விரியும் முனை வலையிலேயே விரிந்து திசை மாறக்கூடும்.

நெடுவில்லுக்கு இந்த உயரம் போதாது. கப்பி வைத்த கூட்டுவில் இரண்டரை, இரண்டேமுக்கால் அடிக்குள் அடங்கும். நெடுவில் ஐந்தடிக்கு மேல். உட்கார்ந்து இழுத்தால் மேல்கொம்பு கூரையில் இடிக்கும். ஆறரை அடி உயரம் வையுங்கள், இல்லையேல் வில்லைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எந்த வில்லானாலும் முழங்கைக்குப் பின்னால் இடம் விடாவிட்டால் துணி குலுங்கும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

முன்னுரையில் ஒரு குறிப்பு அவசியம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். நம் வாசகர் இதைக் கட்டினால் சொந்த நிலத்துக் குட்டையோரம் பறவையைப் படமெடுக்கத்தான். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. யானை, கரடி நடமாடும் தடத்தில் துணிச்சுவரை நம்பி யாரும் தரையில் உட்காரக் கூடாது, இதை அழுத்தியே எழுதுங்கள்.

அரூரிலிருந்து:

பயம்பு தன் இடத்தில் நிற்கிறதே, அது போதும் எனக்கு. குடிலைச் சுற்றிக் கிளை செருகுவதற்குத் 'தழை சார்த்துதல்' என்று எழுதுங்கள். அந்த இடத்திலேயே வளரும் உண்ணிச்செடியோ வேலிக்காத்தானோ வெட்டிச் சார்த்த வேண்டும். நாலு நாளில் இலை காய்ந்து நிறம் மாறும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே தரையில் சருகு ஒன்றுகூட இல்லாமல் மண் தெரியக் கூட்டிவிடுங்கள். குடிலை இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்திவைத்தால்தான் விலங்குக்குப் பழகும். அதுவரை காற்றில் துணி படபடக்காமல் நாலு மூலையிலும் முளையடித்து இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.