நான்கு காவலாளிகள் என்றதும் மாங்காய்க் கணக்கு ஏன் இடறுகிறது?

தோப்புக்காரர் (காவேரிப்பட்டணம்):

வணக்கம். தேங்காயை வைத்துச் சொல்லப்படும் பழைய புதிர் ஒன்றை, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு எங்கள் பக்கத்துப் பெங்களூரா மாங்காயை வைத்துச் சொன்னேன். பறித்துக் குவித்த மாங்காய்களுக்கு மூவர் இரவுக் காவல் இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒருவர் எழுந்து குவியலை மூன்றாகப் பங்கிட, ஒன்று மிஞ்சுகிறது. அதை மரத்திலிருக்கும் குரங்குக்குப் போட்டுவிட்டு, தன் பங்கை ஒளித்துவைத்து, மற்றதைப் பழையபடி குவித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மற்ற இருவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இருப்பதை வைத்து அதையே செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குரங்குக்கு ஒன்று கிடைக்கிறது. விடிந்ததும் மீதியை மூவரும் பிரித்துக்கொள்ள, இம்முறை எதுவும் மிஞ்சவில்லை. தொடக்கத்தில் குறைந்தது எத்தனை மாங்காய்கள் இருந்தன?

விடை 25. குவியல் 25, 16, 10 என்று இறங்கி, காலையில் 6 நிற்கும். ஐந்து பேர் என்றால் விடை 3121 என்பதும் தெரிந்ததே. என் மகள் இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, மூன்று 3-களைப் பெருக்கி (27) 2 கழித்தால் 25, ஐந்து 5-களைப் பெருக்கி (3125) 4 கழித்தால் 3121, ஆகவே நான்கு பேருக்கு 256-இல் 3 போக 253 என்றாள். சரிபார்த்தோம்: 253, 189, 141, 105, காலையில் 78. இரவு முழுவதும் சரியாக வந்த கணக்கு, விடிந்த பிறகு 2 மாங்காய் மிஞ்சி நிற்கிறது. நான்கு பேருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

அரூர் கணக்கு ஆசிரியை:

ஐயா, உங்கள் மகள் கண்ட ஒழுங்கில் பாதி முற்றிலும் சரி. அது இரவுக்குப் பொருந்துகிறது, காலைக்குப் பொருந்தவில்லை.

குவியலில் −3 மாங்காய் இருப்பதாக ஒரு கணம் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குக்கு ஒன்று கொடுத்தால் −4. நால்வருக்கும் பங்கு −1. ஒருவர் தம் பங்கை எடுத்தபின் நிற்பது மறுபடியும் −3. எத்தனை பேர் எழுந்தாலும் குவியல் அப்படியே இருக்கும். இந்த உத்தியை இயற்பியலாளர் பால் டிராக்கின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவரோ கணிதவியலாளர் ஜே. எச். சி. வைட்ஹெட்டிடமிருந்து தமக்குக் கிடைத்ததாகச் சொன்னார்.

இந்த −3 உடன் 256-ஐக் கூட்டினால், கூட்டிய பகுதி 192, 144, 108, 81 என்று ஒவ்வொரு முறையும் காற்பங்கு குறைந்துகொண்டே வரும். 256-இன் எந்த மடங்கைக் கூட்டினாலும் இரவு சரியாகக் கழியும். கூட்டியது ஒரு மடங்கானால் காலையில் 81−3 = 78, இரு மடங்கானால் 159, மும்மடங்கானால் 240. இவற்றுள் 240-தான் நான்கால் மீதியின்றி வகுபடுகிறது. எனவே விடை 768−3 = 765.

பாலக்கோடு வாசகர்:

விடை சரிதான் அம்மா, ஆனால் குறை எண்ணில் மாங்காய் என்றால் ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகள் தயங்குவார்கள். அதே கணக்கைக் குறை எண்ணே இல்லாமலும் செய்யலாம். 17 ஒட்டகங்களைப் பங்கிட ஒருவர் தம் ஒட்டகத்தைக் கொண்டுவந்து சேர்த்து, முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போன கதை எல்லோருக்கும் தெரியும். அதுபோலக் குவியலோரம் 3 கற்களை வைத்து, அவற்றையும் மாங்காயாக எண்ணச் சொல்லுங்கள். 765 மாங்காயும் 3 கல்லும் சேர்ந்து 768. அதன் காற்பங்கு 192. முதல் காவலாளி ஒளித்த 191-உம் குரங்குக்குப் போன ஒன்றும் சேர்ந்தால் அதே 192! கற்கள் இடத்தைவிட்டு நகரவே இல்லை. அடுத்தவர் எழும்போதும் கணக்கு இப்படியே நடக்கும்.

இது தேங்காய்ப் புதிராகப் புகழ்பெற்றது 1926-இல். அமெரிக்க வார இதழான சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் பென் ஏம்ஸ் வில்லியம்ஸ் எழுதிய சிறுகதையில் இப்புதிர் வந்தது. கதையில் விடை தரப்படாததால், விடை கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன. அதற்கு முந்தைய வடிவில் காலையிலும் குரங்குக்கு ஒன்று மிஞ்சும். அப்படியானால் ஐவருக்கு 15621. உங்கள் மூவருக்கு 79.

ஓசூர் இரவுப்பணி:

கேள்வியின் மையம் இன்னும் விடுபடவில்லை என்று நினைக்கிறேன். மும்மடங்கு ஏன் தேவைப்பட்டது என்பதை ஒற்றைப்படை, இரட்டைப்படையில்தான் தேட வேண்டும்.

காலையில் (2, 3, 4 ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன்) நிற்கும் எண், மூவருக்கு 2×2×2 = 8, நால்வருக்கு 81, ஐவருக்கு 1024. இவற்றுள் 8 என்பது 3-இன் மடங்கான 9-க்கு ஒன்று குறைவு. 1024 என்பது 5-இன் மடங்கான 1025-க்கு ஒன்று குறைவு. ஆனால் 81 என்பது 4-இன் மடங்கான 80-ஐவிட ஒன்று அதிகம். ஆள் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான எண்ணை ஒற்றைப்படை முறை பெருக்கினால் ஒன்று குறையும், இரட்டைப்படை முறை பெருக்கினால் ஒன்று மிகும். காலையில் கழிக்க வேண்டிய 2, 3, 4 ஆகியவையோ எப்போதும் ஒன்று மிகுதியையே தருகின்றன (நால்வருக்கு −3 என்பது −4-ஐவிட ஒன்று அதிகம்). ஆகவே ஒற்றைப்படையில் குறைவும் மிகுதியும் ஒரே மடங்கில் நேராகிவிடுகின்றன; இரட்டைப்படையில் இரண்டும் மிகுதியாகச் சேர்ந்து 2 மிஞ்சுகிறது. உங்கள் 78-இல் மிஞ்சிய 2 இதுதான். மேலும் இரண்டு மடங்குகளைக் கூட்டினால்தான் அந்த மிகுதி 4 ஆகி வகுபடும்.

ஆறு பேருக்கு இதே வழியில் ஐந்து மடங்கு தேவை: 5×46656−5 = 233275. அத்தனை மாங்காயை ஒரே இடத்தில் பார்க்க மாங்கூழ் ஆலை வாசலுக்குத்தான் போக வேண்டும். விடிவதற்குள் அதை ஆறு முறை பங்கிடுவது குரங்கின் பொறுமையையும் சோதிக்கும்.

தோப்புக்காரர் (காவேரிப்பட்டணம்):

மூவருக்கும் நன்றி. கற்களை வைத்து விளக்கியதும் மகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒற்றைப்படை விளக்கத்தைத் தாளில் எழுதிப் பார்த்த பின்புதான் ஒப்புக்கொண்டாள். உடனே காவலாளிகள் இரண்டே பேர் என்று வைத்தும் போட்டுப் பார்த்தாள். சூத்திரம் 3 என்கிறது. முதலாமவர் குரங்குக்கு ஒன்று கொடுத்து, ஒன்றை ஒளித்து, ஒன்றை விடுகிறார். இரண்டாமவர் அந்த ஒன்றையும் குரங்குக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு படுக்கிறார். காலையில் பங்கிட எதுவும் இல்லை. பூச்சியமும் சமமான பங்குதான் என்று நான் வாதிட்டேன். ஒன்றையும் எடுக்காதவரைத் திருடர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, அவள் விடையை 11 என்று எழுதிக்கொண்டாள்: 11, 5, காலையில் 2, ஆளுக்கு ஒன்று.