புதுப்பிப்பு: திருக்கோவில் குடிமுறை ஆய்வுக்கு உதவி கிடைத்ததா?

அம்பாறை மாவட்டத் திருக்கோவிலின் தாய்வழிக் குடிமுறை (தாய் வழியாகக் குலம் கணக்கிடும் முறை) பற்றி எழுத, இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2005இல் தொடங்கிய மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞான உயர்கற்கைக்கான தேசிய நிலையத்தில் பணம் கேட்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

எனக்குச் சரிவரவில்லை. அந்த நிதி அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் கலாநிதிப் பட்டம் போன்ற மேற்படிப்புச் செய்வதற்கானது. நான் பாடசாலை ஆசிரியர். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளராக இருப்பவர்கள் தாராளமாக முயற்சி செய்யலாம்.

கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் ஒருவரான ஒலுவில் நானா சொன்ன வழிதான்: "காசை விடுங்க, முதல்ல கொழும்பு சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்க் கச்சேரிப் (மாவட்ட அரச அலுவலக) பதிவுகளைப் பாருங்க." இரவு பஸ் ஏறிப் போனேன். முதல் நாள் முழுக்க 'அம்பாறை' என்று தேடி வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த நாள்தான் மண்டையில் உறைத்தது, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்! அதற்கு முந்திய திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எல்லாம் மட்டக்களப்புக்குள்தான் கிடக்கும். பெயரை மாற்றித் தேடியதும் வெள்ளைக்காரத் துரைமாரின் நாட்குறிப்புகள் கிடைத்தன. எல்லாம் ஆங்கிலம், ஊர்ப் பெயர்களைக் கண்டபடி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போனது.

எதிர்பாராத ஒன்று: கோயில் பங்கு (எந்தக் குடிக்குக் கோயிலில் என்ன உரிமை என்பது), குடி முறை பற்றிப் பதிவுகளைவிட எங்கள் பெரியம்மாவுக்கே அதிகம் தெரிந்திருந்தது. இப்போது அவரைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்கிறேன். அதற்கு எவருடைய நிதியும் தேவைப்படவில்லை, வெற்றிலைக் காசு மட்டும்தான்.