மாங்கூழ், சாமை, பழப்பெட்டி: பிளாக் எழுதி யாவாரம் பிடிச்சவங்க அனுபவம் (கிருஷ்ணகிரி – தர்மபுரி)

பர்கூர் கூழ்க்காரர்:
சீசன் ஓய்ஞ்சு இப்பத்தான் கை காலி, அதான் எழுதறேன். எங்க கம்பெனிக்கு பிளாக் எழுதிக் குடுக்க வெளியூர் ஆள் ஒருத்தரப் பிடிச்சோம். "முக்கனிகளில் முதற்கனியாம் மாங்கனி"ன்னு ஆரம்பிச்சு பக்கம் பக்கமா அனுப்பினார். காசு போச்சு, ஒரு போன் வரல. டன் கணக்குல கூழ் வாங்கறவனுக்கு முக்கனி எதுக்குங்க? அவன் எடுத்ததும் கேக்கறது "பிரிக்ஸ் எவ்வளவு?" அதாவது கூழ்ல சர்க்கரைச் சத்து எவ்வளவுன்னு காட்டற அளவு.

அதையே தலைப்பா வச்சு நானே எழுதினேன். பெங்களூரா ரக மாங்கூழ்னா பிரிக்ஸ் 14-லருந்து 16, அல்போன்சான்னா 16-க்கு மேல. 3.1 கிலோ டின் யாருக்குத் தோது, கிருமி புகாம அடைச்ச 215 கிலோ அசெப்டிக் டிரம் யாருக்குத் தோது, அவ்வளவுதான். கூட ஒரு படம்: பிரிக்ஸ் அளக்கற ரெஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில ரெண்டு சொட்டு கூழ விட்டு, மூடிய அமுத்தி வெளிச்சத்தப் பாத்துப் பிடிச்சா, உள்ள நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு ஒரு நம்பர்ல நிக்கும். அந்தக் கோட்ட போன்லயே எடுத்துப் போட்டேன், ஓரத்துல கொஞ்சம் மங்கல்தான். இப்ப விசாரிக்கறவங்க நெறைய பேர் அந்தப் படத்தச் சொல்லித்தான் பேச்ச ஆரம்பிக்கறாங்க.

பென்னாகரம் சாமை:
அண்ணன் சொல்றது சரிங்க. போன்ல கேக்காதத தெரிஞ்சுக்க கூகுள் சர்ச் கன்சோல் இருக்கு, இலவசம்தான். ஜனங்க என்ன அடிச்சு நம்ம பக்கத்துக்கு வர்றாங்கன்னு அப்படியே காட்டும். சாமையோட நன்மைய ஊரே எழுதுது. எங்க பக்கத்துக்கு வந்தவங்க தேடுனது "சாமை சாதம் குழையாம வடிக்கறது எப்படி". அதுவும் பாதிப் பேரு தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்க. எங்கம்மா வடிக்கறத பக்கத்துல நின்னு பாத்து எழுதினேன், அதான் இன்னிக்கும் ஓடுது.

இன்னொண்ணு, "சர்க்கரை நோய் குணமாகும்"னு மட்டும் எழுதிடாதீங்க. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 2018-லயே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி போட்டிருக்கு. பிளாக்தானேன்னு விட மாட்டாங்க.

ஓசூர் மார்க்கெட்டிங்:
நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்கு அஞ்சு கிலோ பெட்டி அனுப்பறவங்களுக்கு பிளாக் ஆர்டர் கொண்டு வராது. காலையில பறிச்ச காய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டா மத்தியானத்துக்குள்ள வித்துடும். பிளாக் யோசிச்சு வாங்கறவனுக்கு, அதாவது மொத்த யாவாரம், ஏற்றுமதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு "பிளாக் வேஸ்ட்"னு சொல்றவங்கதான் அதிகம்.

எழுதறதுன்னா மாசி மாசமே எழுதிடுங்க. மே மாசம் போட்டா கூகுள் தூக்கி நிறுத்தறதுக்குள்ள ஜூலை வந்துடும். பக்கத்தோட இணைய முகவரியில (லிங்க்ல) வருஷத்தப் போடாதீங்க. வருஷா வருஷம் புதுப் பக்கம் திறக்காம அதே பக்கத்தத் திருத்துங்க. போன வருஷம் சேத்த பேரு அதுலயே நிக்கும்.

போச்சம்பள்ளி தோப்பு:
ஸ்டேட்டஸ்ல விக்கற ஆளுதான் நானும். ஆனா "கார்பைடு போட்டுப் பழுக்க வச்சதா?"ன்னு கேக்காத ஆளே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் டைப் அடிச்சு மாளல. அதனால ஒரே ஒரு கட்டுரை எழுதினேன்: கார்பைடுக்கு 2011 விதிப்படி தடை, பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) வரைக்கும் அனுமதி, நாங்க வைக்கோல்ல வச்சுப் பழுக்க வைக்கறோம், அதனால எல்லாப் பழமும் ஒரே மஞ்சளா இருக்காது. யார் கேட்டாலும் அந்த லிங்க்தான். "பழம் ஒரு பக்கம் பச்சையா இருக்கே"ங்கற சண்டையும் கொறஞ்சிருச்சு. பிளாக் ஆர்டர் கொண்டு வரலன்னாலும் இதுக்கு ஆகுதுங்க, மார்க்கெட்டிங் சார்.

ஓசூர் மார்க்கெட்டிங்:
ஒத்துக்கறேன். இத நான் யோசிக்கல.

பென்னாகரம் சாமை:
விலைய எழுதலாமா, வேணாமா? எழுதினா போட்டிக்காரன் ஒரு ரூபா கொறச்சுப் போடறான்.

பர்கூர் கூழ்க்காரர்:
கூழுக்கு நான் எழுதறதில்ல, காய் விலை தினமும் ஆடுது. விலை எதனால ஏறும் இறங்கும்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன். சாமைக்கு எழுதுங்க, தேதியோட. விலையே இல்லாத பக்கத்தப் பாத்தா வாங்கறவன் அடுத்த கடைக்குப் போயிடுவான். போட்டிக்காரன் எப்படியும் போன் போட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்குவான்.