மறுமொழி: சீட்பெல்ட் பிடி – முதலில் கைகளுக்குப் பெயர் வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் தரை மல்யுத்தத்தில் எதிராளியின் முதுகைப் பிடித்தவர் போடும் சீட்பெல்ட் பிடிக்கு, நம் தமிழ் அகராதியில் 'இருக்கைப்பட்டைப் பிடி' என்று வைக்கலாம் என முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு கை தோளுக்கு மேலாக இறங்கி, மறு கை அக்குளுக்கு அடியில் நுழைந்து, இரண்டும் நெஞ்சில் சேர வேண்டும். 'இருக்கை'யில் இது எதுவும் தெரியவில்லை.

தஞ்சாவூர் அய்யா சொன்ன 'பூட்டாங்கயிறு' நம் மண்ணின் சொல். ஆனால் அது மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்ப்பது. அக்குள் பக்கம் போவதில்லை. 'பூணூல் பிடி'யில் கோடு சரியாக விழுகிறது. ஆனால் பூணூல் வழக்கமாக இடத்தோளில் கிடப்பது; நம் பிடி எந்தத் தோளிலும் விழும். அதோடு, எல்லாப் பிள்ளைகளும் புரளும் பாயில் ஒரு சாராரின் அடையாளத்தைப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

கும்பகோணத்தில் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையனிடம் "மேல்கையை விடாதே!" என்று கத்தினேன். அவன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். சாய்ந்தபின் எது மேல், எது கீழ்? அக்குள் பக்கக் கையை இறுக்கிக்கொண்டு, கழுத்துக்குப் போக வேண்டிய கையை விட்டுவிட்டான்.

ஆகவே தோள்கை, அக்குள்கை என்று வைப்போம். எப்படிப் புரண்டாலும் இந்தப் பெயர்கள் மாறாது. பிடியைத் தேர்ந்தெடுக்கவும் இவையே போதும். கழுத்தை நெரிப்பது தோள்கை என்பதால் எதிராளி முதலில் பிய்த்தெறியப் பார்ப்பது அதைத்தான். அக்குள்கை அதன்மேல் மூடிக் காக்க வேண்டும். கீ உடை (தடித்த பயிற்சிச் சட்டை) இருந்தால், அக்குள்கை கழுத்துப்பட்டியைக் கீழே இழுத்து இறுக்கிக் கொடுக்க, தோள்கை கட்டைவிரலை உள்ளே விட்டு அதை வாங்கிக்கொள்ளும். சாய்வதென்றால் தோள்கைப் பக்கம். அக்குள்கைப் பக்கம் சாய்ந்தால் எதிராளி தோளைப் பாயில் ஊன்றி நழுவிவிடுவார்.

முழுப் பிடிக்குக் 'குறுக்குப் பிடி' போதும். எதிராளியின் தொடைகளுக்கு உள்ளே கொக்கிபோல் மாட்டும் கால்களுக்குக் 'காற்கொக்கி' ஏற்கெனவே வாய்க்கு வந்துவிட்டது. போட்டியில் இரண்டு கொக்கியும் உள்ளே போட்டு 3 நொடி நிலைத்தால் 4 புள்ளி. (புறநானூறு 80இல் ஆமூர் மல்லனோடு பொரும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் ஒரு கால் மார்பில், மறு கால் முதுகுப் பக்கம். கால் வேலை நமக்குப் புதிதல்ல.)

– கும்பகோணத்திலிருந்து

---

தம்பிக்கு,

பூட்டாங்கயிற்றை விட்டுவிடுகிறேன், உங்கள் காரணம் சரி. ஆனால் நாள்காட்டி நாட்காட்டி ஆவதுபோல, தோள்கை 'தோட்கை' என்றும் அக்குள்கை 'அக்குட்கை' என்றும்தானே புணரும்?

– தஞ்சாவூர்

---

அய்யா, இலக்கணப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் பாயில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் 'தோட்கை' என்றால் தோட்டம் விழும், தோள் விழாது. கட்டளையாகச் சொல்லும் சொல் என்பதால் இயல்பாகவே விடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அகராதிப் பதிவில் உங்கள் வடிவத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.