லா ரோக்-கஜாக் போனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (தோர்தோஞ் ஆத்தங்கரை, பிரான்ஸ்)

வணக்கம் மக்களே, நான் ஆரம்பிச்சு வைக்கிறேன், போயிட்டு வந்தவங்க கீழ எழுதுங்க.

நாங்க பாரிஸ்ல இருந்து குடும்பத்தோட போனோம், சார்லா டவுன்ல ரூம், அங்கேர்ந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர்ல இந்த ஊரு. படத்துல நிறைய பாத்திருப்பீங்க, ஆத்தை ஒட்டி தேன் கலர் கல்லு வீடுங்க, மேல பெரிய பாறைச் சுவர். ஆனா நேர்ல நிக்கும்போதுதான் இடம் எவ்ளோ குறைச்சல்னு புரியுது. தோர்தோஞ் ஆறு இங்க ஒரு பெரிய வளைவு எடுக்குது, வளைவோட வெளிப்பக்கம், அதாவது வடகரையில, தண்ணி சுண்ணாம்புப் பாறையை அரிச்சு அரிச்சு செங்குத்தா ஆக்கிருச்சு, எதிர்க்கரையில வண்டல் படிஞ்சு தட்டையான வயக்காடு. பாறைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு ரோடு, அதை ஒட்டி ஒரு வரிசை வீடு, அதுக்கு மேல போகணும்னா பாறை மேலயே ஏறி ஏறி கட்டணும், அப்படித்தான் கட்டியிருக்காங்க. வர்றவங்க முக்கால்வாசி பேர் அந்த ரோட்டுலயே நடந்து, ஐஸ்கிரீம் வாங்கி, ஆத்துப் பக்கம் திரும்பி செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா ஊரோட கதை முழுக்க பின்னாடி, மேல இருக்கு.

சந்து வழியா மேல ஏறினா ஒரு சின்ன சர்ச், பாறை மேலயே உக்காந்த மாதிரி, கூரைக்கு ஓடு இல்ல, பலகை பலகையா கல்லு அடுக்கியிருக்காங்க. அதைச் சுத்தி வாழை மரம், பனை வகை, கத்தாழை, அத்தி! பிரான்ஸ்ல வாழை மரமான்னு என் பையன் தொட்டுத் தொட்டுப் பாத்தான். பாறை தெற்கு பாத்து நிக்குது, வடக்குக் காத்து உள்ள வராது, பகல் பூரா வாங்கின வெயில் சூட்டை ராத்திரி மெதுவா விடுது, அதான் காரணம்.

அங்கதான் ஒரு பாட்டிம்மா செடிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. போன்ழூர் (பிரெஞ்சுல வணக்கம்) சொன்னதும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு பிரெஞ்சு ஓரளவு வரும், அவங்களும் எனக்காக மெதுவா பேசினாங்க. பாறையில ஒரு இடத்தைக் காட்டி அங்க மட்டும் கலர் வேற மாதிரி இருக்கு பாத்தீங்களான்னு கேட்டாங்க. 1957 ஜனவரி 17, அந்த இடத்துல இருந்து பெரிய துண்டு பெயர்ந்து விழுந்துச்சு, கீழ இருந்த வீடுங்க நசுங்கிப் போச்சு, மூணு பேர் செத்துட்டாங்க. அப்போ அவங்க பக்கத்து ஊர்ல ஸ்கூல் போற பொண்ணு, அப்புறம் இங்க கல்யாணம் ஆகி வந்திருக்காங்க. பயமா இல்லையான்னு கேட்டேன், தப்பா எடுத்துப்பாங்களோன்னு யோசிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவங்க சாதாரணமா, ஜனவரியில எங்க வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்க, அக்கம்பக்கத்து ஊர்ல எரிக்கிற விறகுல பாதி எனக்குப் போதும்னு சொன்னாங்க. இடிஞ்ச பக்கம் பாறைக்கு என்னென்ன வேலை பாத்தாங்கன்னும் விவரமா சொன்னாங்க, பாதிதான் எனக்குப் புரிஞ்சுது.

இன்னும் மேல நிமிந்து பாத்தா பாறைக் குகைக்குள்ளயே ஒரு கோட்டை, 12ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது. தப்பிச்சு மேல ஏறிக்கிட்டா கீழ இருக்கிற எதிரி ஒண்ணும் பண்ண முடியாது. பாறை நிலவரத்தைப் பொறுத்து அதை மூடிருவாங்க, அதனால கேட்டுட்டுப் போங்க.

---

அண்ணா சூப்பரா எழுதியிருக்கீங்க. நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் தண்ணி வழியா போனோம், வித்ராக்ங்கிற ஊர்ல கனூ (சின்ன துடுப்புப் படகு) வாடகைக்கு எடுத்து பேனாக் ஊர் வரைக்கும், கனூ கம்பெனிக்காரங்களே வேன்ல திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவாங்க. முதல்ல இடது பக்கம் உயரத்துல தோம் ஊரு, 1281ல பிரெஞ்சு ராஜா மூணாவது பிலிப் போட்ட கோட்டை ஊர். அப்புறம் ஒரு வளைவு திரும்பினதும் லா ரோக் மொத்தமா கண்ணு முன்னாடி வருது, துடுப்பு போடுறதையே எல்லாரும் நிறுத்திட்டோம். அதைத் தாண்டினா இடது கரையில காஸ்தெல்நோ கோட்டை, கொஞ்ச தூரத்துல வலது கரையில பேனாக் கோட்டை. நூறாண்டுப் போர்ல காஸ்தெல்நோ பெரும்பாலும் இங்கிலீஷ்காரங்க பக்கம், பேனாக் பிரெஞ்சு பக்கம், ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கிற தூரம்தான். நடுவுல ஆறுதான் எல்லை. லா ரோக் சார்லா பிஷப்புகளோட ஊர், அவங்க மாளிகை கட்டித் தங்கின இடம். இவ்ளோ பக்கத்துல ரெண்டு கோட்டைக்காரன் அடிச்சுக்கும்போது ஜனங்களுக்கு எதுக்குக் குகைக்குள்ள கோட்டை தேவைப்பட்டுச்சுன்னு கனூல உக்காந்து பாத்தப்போதான் எனக்கு உறைச்சுது.

---

கபார் போட்ல போனீங்களா யாராச்சும்? தட்டையான அடிப்பாகம் வச்ச மரப் படகு, இப்போ டூரிஸ்டுக்கு ஒரு மணி நேரம் சுத்திக் காட்டுறாங்க. எங்களுக்கு வந்த படகுக்காரர் தாத்தாவோட தாத்தா காலத்துல இருந்து ஆத்துப் பொழப்புன்னு சொன்னார், அவர் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மேல் பகுதியில அர்ஜான்தா பக்கம் காட்டுல ஓக் மரம், செஸ்ட்நட் மரம் வெட்டி, ஒயின் பீப்பாய்க்குப் பலகை, திராட்சைக் கொடிக்குக் குச்சின்னு கபார்ல ஏத்தி லிபூர்ன், போர்தோ பக்கம் இறக்குவாங்களாம். ஆனா வருஷம் பூரா முடியாது, வெயில் காலத்துல தண்ணி கம்மி, வெள்ளத்துல ஆபத்து, நடுவுல சில வாரம்தான் ஓட்டம். மேல இருந்து வந்த படகை எதிர்த் தண்ணியில திருப்பி இழுக்கிறது கட்டுப்படியாகாது, அதனால போய்ச் சேந்த இடத்துலயே படகைப் பிரிச்சு விறகா வித்துட்டு, ஆளுங்க கால்நடையா ஊர் திரும்புவாங்க! கீழ் பகுதியில ஓடின படகுங்க மட்டும் உப்பு ஏத்திக்கிட்டு மேல வரும், மாடு கட்டி இழுப்பாங்க, சில இடத்துல ஆளுங்களே இழுப்பாங்க. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ரயில் வந்துச்சு, அதோட இந்தத் தொழில் படுத்துருச்சு. அவர் இதைச் சொல்லும்போது படகுல ஒரு சத்தம் இல்ல, பிள்ளைங்க கூட கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க.

---

நான் வானியல் பைத்தியம், அதனால இதைச் சொல்லியே ஆகணும். ழான் தார்த்னு ஒரு பாதிரியார், 1561ல இந்த ஊர்ல பிறந்தவர், வட்டக் கோபுரம் வச்ச அவங்க வீடு இன்னும் நிக்குது, ரோட்டுல இருந்து மேல ஏறும்போது பாக்கலாம். அவர் 1614ல ஃப்ளாரன்ஸ் போய் கலிலியோவையே பாத்துப் பேசியிருக்கார், டெலஸ்கோப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஊருக்கு வந்து சூரியனை ஆராய்ச்சி பண்ணார். சூரியப் புள்ளி எல்லாம் சூரியன் மேல இருக்கிறது இல்ல, அதைச் சுத்துற குட்டிக் கிரகங்கள்னு 1620ல புக்கு போட்டு, பிரெஞ்சு ராஜவம்சம் பூர்போன் பேரை அதுங்களுக்கு வச்சார். முடிவு தப்பு, கலிலியோ சொன்னதுதான் சரி. ஆனா அந்தக் காலத்துல இப்படி ஒரு ஆத்தங்கரை ஊர்க்காரர் ஆல்ப்ஸ் தாண்டிப் போய் கலிலியோகிட்ட உக்காந்து கேள்வி கேட்டார்ங்கிறதை நினைச்சு அந்த வீட்டு முன்னாடி எனக்குப் புல்லரிச்சுது. சார்லா மறைமாவட்டத்துக்கு மேப் போட்டவரும் இவர்தான்.

---

எல்லாருக்கும் நன்றி. எங்க வீட்ல கார் இல்ல, ரயில்ல போக முடியுமா? டிசம்பர் லீவுலதான் நேரம் கிடைக்கும்.

---

முடியும்மா. போர்தோல இருந்து பெர்ஜராக் வழியா சார்லாவுக்கு நேரா ரயில் இருக்கு, ஏறக்குறைய மூணு மணி நேரம், அங்கேர்ந்து டாக்ஸி. ஆனா டிசம்பர் வேணாம்னுதான் சொல்வேன், கபார் ஓடாது, கடை ஹோட்டல் முக்காவாசி மூடிடும், ஆறு ஏறிச்சுன்னா ரோடு வரைக்கும் தண்ணி வரும். ஏப்ரல் கடைசி இல்லேன்னா செப்டம்பர் பாருங்க, ஆகஸ்ட்ல நடக்கவே இடம் இருக்காது. போனா சாயங்காலம் வரைக்கும் இருங்க, மேற்கு வெயில் பாறை மேல விழும்போது 57ல உடைஞ்ச இடம் தனியாவே தெரியும், அண்ணா சொன்ன அந்த சர்ச் பக்கம் நின்னு பாருங்க.