சிலிண்ட்ரோமட்டோசிஸ்: ‘உருளைக்கட்டி’யா, ‘கழலைத்திரளா’?

அனைவருக்கும் வணக்கம்.

தலைத்தோலில் கட்டிகள் பல எழும் மரபுவழி நோயான சிலிண்ட்ரோமட்டோசிஸுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். குழுவில் ஐயா முன்வைத்த ‘உருளைக்கட்டி நோய்’, சிலிண்டர் (உருளை) என்ற மூலச்சொல்லுக்கு நேரானதுதான். ஆனால் அந்த உருளை வடிவம் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கே தெரியும். நோயாளி கண்ணாடியில் காண்பது உச்சந்தலையில் நெருக்கியடித்து எழும் உருண்டைகளை. தவிர, இந்த நோயின் ஒவ்வொரு கட்டிக்கும் சிலிண்ட்ரோமா என்று பெயர்; உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோயையும் முன்பு அப்படியே அழைத்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவருவானேன்? கட்டிகள் தலைப்பாகை போலத் தலையை மூடுவதால் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் நேர்பெயர்ப்பான ‘தலைப்பாகைக் கட்டி’ வேண்டவே வேண்டாம். தலையை முக்காட்டில் மறைத்துக்கொண்டு வருபவரிடம் எந்த மருத்துவர் அதைச் சொல்வார்?

சென்னையில் ‘கட்டி’ என்றால் வெயில் காலத்துச் சீழ்க்கட்டிதான் நினைவுக்கு வரும். பழுத்து உடைந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ‘புற்று’ என்றால் வீடே கலங்கிப்போகும். இந்த நோயின் கட்டிகள் பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை, அரிதாகவே மாறும். இரண்டுக்கும் நடுவே நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: கழலை. முதுகில் இருந்த கொழுப்புக் கட்டியை என் பாட்டி கழலை என்றுதான் சொல்வார்.

சென்ற மாதம் மரபணு ஆய்வு ஒன்றுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். அதை வாசித்த ஓர் அம்மா கேட்டார்: “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. என் பொண்ணுக்கும் வருமா?” பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பழுதான மரபணு போய்ச்சேர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 16ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த சி.ஒய்.எல்.டி. மரபணுவை 2000இல் அடையாளம் கண்டார்கள். அது உருவாக்கும் புரதம், உயிரணுக்களைப் பிழைக்கவும் பெருகவும் தூண்டும் ஒரு சமிக்ஞையை அடக்கிவைக்கிறது என்பது 2003இல் தெரிந்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு படிகள் (பிரதிகள்) உண்டு; இந்த நோயாளிகளுக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒரு படி பழுது. ஓர் உயிரணுவில் மிச்சமிருந்த நல்ல படியும் கெடும்போது அங்கே கழலை முளைக்கிறது.

மரபணுவின் பெயரைப் புள்ளி வைத்தே எழுதுவோம். சேர்த்து எழுதினால் ‘சைல்டு’ என்று வாசித்து, குழந்தைகள் நோய் என்று எண்ணிவிடுவார்கள். கழலைகளோ பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகுதான் தலைகாட்டும்.

என் பரிந்துரை: ‘மரபுவழித் தோல் கழலைத்திரள்’. ‘பரம்பரை’யைத் தெரிந்தேதான் தவிர்த்தேன், பெண் பார்க்கும் பேச்சில் அந்தச் சொல் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். ‘பல்கழலை’ என்றும் எழுதிப் பார்த்தேன், பல் நோய் போல ஒலிக்கிறது. அது நோயின் பெயர்; சிலிண்ட்ரோமா என்ற ஒற்றைக் கட்டிக்கு வெறும் ‘தோல் கழலை’ போதாது. கொழுப்புக் கழலையிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட அடைமொழி வேண்டும். அங்கே மட்டும் ஐயாவின் ‘உருளை’யை வைத்து ‘உருளைக்கழலை’ எனலாமா? நோயியல் அறிக்கை எழுதுபவர்கள் சொல்லுங்கள்.